எரிக் கார்லின் படக்கதைகள்: எதை, எந்தப் பதிப்பில் வாங்கலாம்?

குழந்தைகளுக்குப் படக்கதை எழுதி வரைந்த அமெரிக்கர் எரிக் கார்லின் புத்தகங்களில் பாதிக் கதையைத் தாளே சொல்லிவிடும். ஓட்டை, மடிப்பு, பக்கத்துக்குப் பக்கம் மாறும் அகலம், விரலில் தட்டுப்படும் மேடு எல்லாம் கதையின் பகுதிதான். இவை இல்லாத மலிவுப் பதிப்பை வாங்கினால் அழகான படங்கள் கிடைக்கும், கார்ல் கிடைக்கமாட்டார். எழுபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் செய்தவர் என்பதால் எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பமும் உண்டு.

எல்லோரும் தொடங்குவது 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' (1969). தாள் அடுக்கில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை இது. முதலில் நாயகன் புத்தகப்புழுதான். பதிப்பாசிரியர் ஆன் பெனடியூஸ் சொன்ன பிறகே கம்பளிப்புழுவானது. அளவு மாறும் பக்கங்களையும் ஓட்டைகளையும் கட்டுபடியாகும் விலையில் செய்ய அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமல் ஜப்பானில் அச்சிட்டார்கள். திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று புழு தின்னத் தின்ன, வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு வரை பக்கங்கள் படிக்கட்டு போல அகலமாகிக்கொண்டே போகும். பழப் பக்கங்களில் மட்டும் 15 ஓட்டை. கிழமை, எண்ணிக்கை, பழத்தின் பெயர் மூன்றையும் குழந்தை விரலை நுழைத்தே கற்றுக்கொள்கிறது.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்ட போர்டு புக் வாங்குங்கள். பெரிய அளவுப் பதிப்பில் நிறங்கள் இன்னும் நன்றாக விரியும், கடைசிப் பட்டாம்பூச்சி இரண்டு பக்கமும் நிறைந்து நிற்கும். ஆனால் அதில் ஆப்பிள் பக்கம் மிகக் குறுகலானது. குழந்தை அதைப் பிடித்துத்தான் புத்தகத்தை இழுக்கும், கிழிசல் தையலோரத்தில் அங்கேயே தொடங்கும். சாதாரண செல்லோ டேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை கசியும். புத்தகம் பழுதுபார்க்கும் அமிலமில்லாத டேப்பை இரு பக்கமும் ஒட்டினால் தாங்கும். போர்டு புக்கில் வேறு தொல்லை: வாயில் வைத்து ஊறிய ஓட்டையின் விளிம்பு அடுக்கடுக்காகப் பிரியும். ஈரத்தைத் துடைத்து, காயவைத்து, மெல்லிய தடவலாக வெள்ளைப் பசை பூசி, நடுவில் பிளாஸ்டிக் தாள் கொடுத்துக் கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வையுங்கள்.

தமிழில் சொல்லிக் காட்டுபவர்களுக்கு இரண்டு குறிப்பு. சனிக்கிழமை புழு தின்னும் விருந்தில் வரும் பிக்கிளை 'ஊறுகாய்' என்றால் படத்திலுள்ள முழு வெள்ளரிக்காயோடு பொருந்தாது. 'ஊறவைத்த வெள்ளரிக்காய்' என்று சொல்லிவிடலாம். புழு கட்டும் கூட்டை ஆங்கிலத்தில் கார்ல் அந்துப்பூச்சி கட்டும் பட்டுக்கூட்டின் பெயரால் எழுதியிருக்கிறார். பட்டாம்பூச்சிக்கு அப்படி நூல்கூடு கிடையாது. 'கூட்டுப்புழு' என்ற நம் சொல் இந்தச் சிக்கலிலிருந்து காப்பாற்றுகிறது.

அச்சுத் தரத்தை எப்படிப் பார்ப்பது? கார்ல் மெல்லிய டிஷ்யூ தாள்களில் அக்ரிலிக் வண்ணம் பூசி, நிறவாரியாக இழுப்பறைகளில் அடுக்கிவைத்து, வேண்டியதைக் கத்தியால் வெட்டி ஒட்டியவர். தூரிகைக் கோடும், தாள் மேல் தாள் ஏறும் இடத்தில் நிறம் அடர்வதும் நல்ல அச்சில் தெளிவாகத் தெரியும். புழுவின் பச்சை உடல் ஒரே சீரான பச்சையாக வழவழவென்று இருந்தால் அது மோசமான நகல். வண்ணம் அச்சான பிறகுதான் ஓட்டை வெட்டுவார்கள் என்பதால், அது பழத்தின் நடுவிலிருந்து விலகி ஓரம் தொட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

நான்கு வயதுக்கு மேல் 'த க்ரவுச்சி லேடிபக்' (1977). பிரிட்டிஷ் பதிப்பில் தலைப்பு வேறு: 'த பேட்-டெம்பர்டு லேடிபேர்டு'. இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். எதிரில் வரும் விலங்கு பெரிதாகப் பெரிதாகப் பக்கமும் எழுத்தும் பெரிதாகும், மூலையில் கடிகாரம் மணிக்கு மணி நகரும், மேலே சூரியன் ஏறி இறங்கும். மணி பார்க்கக் கற்றுத்தர இதைவிட நல்ல படக்கதை சொல்வது கடினம்.

'த வெரி பிஸி ஸ்பைடர்' (1984) வலை மேடாக அச்சிடப்பட்டது, பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளும் விரலால் வலை வளர்வதை உணரலாம். பழைய பிரதி வாங்கினால் வலையைத் தடவிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

'த வெரி கொயட் கிரிக்கெட்' (1990) கடைசிப் பக்கத்தில் சில்வண்டின் குரல் ஒலிக்கும், 'த வெரி லோன்லி ஃபயர்ஃப்ளை'யில் (1995) விளக்கு மின்னும். இவற்றை மட்டும் யோசித்து வாங்குங்கள். பேட்டரி தீர்ந்த பழைய பிரதியில் கதையின் முடிவே ஊமையாகிவிடும். பேட்டரி இருக்கும் பகுதி உறுதியாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரநிலை அது.

'பாப்பா, ப்ளீஸ் கெட் த மூன் ஃபார் மீ' (1986) பெரியவர் உடனிருந்து பிரிக்க வேண்டியது. மடித்த பக்கங்களைத் திறந்தால் ஏணி நீளும், முழுநிலா விரியும். பிரித்த வரிசைக்கு நேர்மாறாக மடித்தால் மடிப்பு நிற்கும், அவசரத்தில் வேறு பக்கம் மடித்தால் புதுக்கோடு விழுந்து அங்கேயே கிழியும்.

பில் மார்ட்டின் ஜூனியர் எழுதிய 'பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டூ யூ சீ?' (1967) கார்லின் முதல் படப்புத்தகப் பணி. விளம்பரத்துக்காக கார்ல் செய்த சிவப்பு சிங்கி இறாலின் (லாப்ஸ்டர்) படத்தைப் பார்த்துத்தான் மார்ட்டின் அழைத்தார். புத்தகத்தில் வரும் நீலக் குதிரையைப் பார்க்கும்போது, நாஜி ஆட்சி தடைசெய்த, நீலக் குதிரைகள் வரைந்த ஃபிரான்ஸ் மார்க் போன்றோரின் ஓவியங்களைச் சிறுவன் கார்லுக்கு ரகசியமாகக் காட்டிய, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர ஓவிய ஆசிரியரை நினைக்காமல் இருக்க முடியாது. இதில் ஓட்டையும் இல்லை, மடிப்பும் இல்லை. எந்தப் பதிப்பானாலும் சரி. கடைசியில் வருவது மட்டும் சிலவற்றில் அம்மா, சிலவற்றில் ஆசிரியை.