பெருவா, எக்குவடோரா? ஜோடியாகப் போகிறவர்களுக்கு

தென் அமெரிக்காவில் காடு, பழைய ஊர், ஆண்டிஸ் மலை மூன்றும் ஒரே பயணத்தில் வேண்டும், ஆனால் ஒரு நாட்டுக்குத்தான் விடுப்பு இருக்கிறது என்றால் போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

செலவு
பெரு: சாப்பாடு மலிவு. மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்கு ரயிலும் நுழைவுச்சீட்டும்தான் பர்ஸைக் காலி செய்யும்.
எக்குவடோர்: 2000 முதல் அமெரிக்க டாலர்தான் நாணயம், பணம் மாற்றும் தொல்லை இல்லை. பஸ் கட்டணம் கொஞ்சம்தான்.

உயரம்
பெரு: மச்சு பிச்சு போகிறவர்கள் முதலில் வந்து இறங்கும் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர். இறங்கியதும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். விடுதியில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். குடித்துவிட்டு முதல் நாள் படுத்துவிடுங்கள். ஜோடியில் ஒருவருக்குத் தலைவலி வந்தாலும் இருவர் திட்டமும் போச்சு.
எக்குவடோர்: தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர். அங்கும் வாங்கும், குறைவாக.

காடு
பெரு: குஸ்கோவிலிருந்து காட்டோர நகரமான புவேர்ட்டோ மால்டொனாடோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து படகில் தம்போபட்டா காடு. களிமண் கரையைக் கொத்தும் மக்காவ் கிளிகளைப் பார்க்க விடியுமுன் எழ வேண்டும்.
எக்குவடோர்: பான்யோஸ் என்ற ஊரிலிருந்து காட்டோர ஊரான புயோ வரை சாலையோரமெல்லாம் அருவி. வாடகை சைக்கிளில் இறங்கலாம்.

ஊர்
குஸ்கோவின் இன்கா கல்சுவருக்கு ஈடில்லை. கீட்டோவின் பழைய நகரமும் அழகுதான், இருட்டிய பின் டாக்ஸி பிடியுங்கள்.

மச்சு பிச்சு கனவு என்றால் பெரு. ஜூன்-ஆகஸ்ட் சீட்டுக்கு மாதங்கள் முன்பே பதிய வேண்டும். திட்டமில்லாமல் சுற்றுகிறவர்களுக்கு எக்குவடோர். என் ஓட்டு அதற்கே. எதுவானாலும் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுவிடுங்கள். இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.