வேல் வந்தது, வீடியோ போகவில்லை

கட்டுநாயக்கா விமான நிலையம், சிம், ஓட்டோ எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, அதை விடுங்கள். எனக்குக் கடுப்பேறியது ஆடிவேல் தேர்த் திருவிழா அன்று மாலை, கொழும்பின் காலி வீதியில்.

அம்மாவுக்கு 81 வயது, முழங்கால் ஏலாது, லண்டனில் இருக்கிறா. செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வருவதை நேரலையாகக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு மணித்தியாலம் முன்னதாகவே ஒரு புடவைக்கடை வாசலில் இடம்பிடித்தேன். அப்போது படம் கண்ணாடி மாதிரிப் போனது. நாதஸ்வரம் கிட்டே வர வர, சனம் முழுக்கப் போனைத் தூக்க, என் திரையில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றத் தொடங்கியது. சிக்னல் கோடோ நாலும் முழுசாக நிற்கிறது! "தேங்காய் உடைக்கிற சத்தம் கேக்குது, வேலைக் காணேல்லையடா" என்கிறா அம்மா.

புடவைக்கடைத் தம்பி ஒருவன் பக்கத்தில் நின்று சிரித்தான். "அண்ணை, அந்தக் கோடு டவர் பேசுறது உங்களுக்குக் கேக்குதெண்டுதான் சொல்லும். நீங்கள் பேசுறது டவருக்குக் கேக்குதா எண்டு சொல்லாது."

விஷயம் அதுதான். டவர் பல வாட் வலுவில் கத்தும், நம் போனுக்கு 0.2 வாட்தான் குரல். 1080 தரத்தில் லைவ் அனுப்ப விநாடிக்கு 4, 5 மெகாபிட் தொடர்ந்து மேலே போகவேண்டும், அதே டவருக்கு நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் எங்கே போவது? 5ஜி வந்தால் எல்லாம் சரி என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் 3.5 கிகாஹேர்ட்ஸ் பக்கம் ஓடும் 5ஜியில் இறக்கமும் (டவரிலிருந்து போனுக்கு) ஏற்றமும் (போனிலிருந்து டவருக்கு) ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பாவிக்கின்றன, நேரத்தில் பெரும்பங்கு இறக்கத்துக்குத்தான். படம் பார்ப்பவனுக்குக் கொண்டாட்டம், காட்டுபவனுக்குக் கொஞ்சம்தான்.

லண்டன் மட்டும் திறமோ என்று கேட்காதீர்கள். நொட்டிங்ஹில் கார்னிவல் தெருவிழாச் சனத்துக்குள் போனால் அங்கேயும் போன் செங்கல்தான். ஆனால் 2023 மே மாதம் சார்ள்ஸ் முடிசூட்டுக்கு பிபிசிக்காரர் சனத்தின் நெட்வொர்க்கை நம்பாமல், அரண்மனை முன்வீதியில் தங்களுக்கென்று தற்காலிகமாக ஒரு தனி 5ஜி போட்டுக் கமராக்களை ஓடவிட்டார்கள். பொது நெட்வொர்க்கிலேயே ஒரு துண்டை ஒதுக்கிக் கொடுக்கவும் 5ஜியில் வழி இருக்கிறது. வேலுக்கு ஒருநாள், கோயில் கமரா ஒன்றுக்கு, அப்படி ஒரு துண்டு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தொண்ணூறுகளில் வெள்ளவத்தைக் கொமினிகேஷன் (காசு கட்டிப் போன் பேசும் கடை) வாங்கில் வெளிநாட்டுக் கோலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இது பழகிய கதை. அப்போதும் அங்கே சொல்வது நமக்குக் கேட்கும், நாம் கத்துவது அங்கே கேட்காது. அதற்கும் நிமிடத்துக்குக் காசு கட்டினோம்.

சரி, தம்பி சொன்னபடி தரத்தை 480க்கு இறக்கினேன். வட்டம் நிற்கும், பிறகு சுற்றும். கடைசியில் அவனே கடை வைஃபை பாஸ்வேர்டை பில் துண்டின் பின்பக்கம் எழுதித் தந்தான். ஃபைபர் இணைப்பு, சனத்தோடு சண்டையில்லை. பூச்சியமா ஓ எழுத்தா என்று விளங்காமல் இரண்டு தரம் பிழையாக அடித்து, மூன்றாம் தரம் படம் பளிச்சென்று போனபோது தேர் எங்களைத் தாண்டிவிட்டது.

அம்மா தேரின் முதுகைப் பார்த்துக் கும்பிட்டா. "பரவாயில்லை, அந்தக் கடைக்குள்ள தொங்குற பச்சைச் சீலையைக் கொஞ்சம் கிட்டக் காட்டு."