விண்டோஸ் 7-இல் இன்ஸ்டாலர் ஓட மறுத்தால்: எந்த வழி வேலைக்கு ஆகும்?

புது மென்பொருளை நிறுவும் இன்ஸ்டாலர் முரண்டு பிடித்ததும் பலரும் முதலில் போவது ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. வீண் வேலை. அந்தப் பட்டியலில் எக்ஸ்பி இருக்கும், விஸ்டா இருக்கும். 8, 10 இருக்காது. பழைய புரோகிராமைப் புது விண்டோஸில் ஓட்டத்தான் அந்த வசதி. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

மிச்சம் மூன்று வழிகள்: விட்டுப்போன அப்டேட்டைப் போடுவது, பழைய வெர்ஷனுக்கு இறங்குவது, விஎக்ஸ்கெக்ஸ் (புது மென்பொருளை 7-இல் ஓடவைக்கும் வெளியார் புரோகிராம்) மாதிரி ஒட்டுப் போடுவது. எது என்பதைப் பிழைச் செய்தியே சொல்லும். ஓகே அழுத்துவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்லை என்று சொல்லும் டிஎல்எல்லின் (மென்பொருள் ஓடத் தேவையான நூலகக் கோப்பு) பெயர் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கினால் அப்டேட் போதும். சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-இன் பெரிய அப்டேட் தொகுப்பு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கேபி2999226 என்ற மைக்ரோசாஃப்ட் அப்டேட்டைப் போடுங்கள். அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32-இல் போடாதீர்கள். அடுத்த டிஎல்எல்லைக் கேட்கும், கூடவே வைரஸும் வரலாம். டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால் எஸ்எச்ஏ-2 என்ற புதிய கையெழுத்து முறை 7-க்குத் தெரியாத சிக்கல்: கேபி4490628 போட்டு, அடுத்து கேபி4474419 போட்டு, ரீஸ்டார்ட்.

அதே பெயரில் 'சிஆர்டி' இருக்கும் இடத்தில் 'கோர்-பாத்' என்று இருந்தால் கதை வேறு. சிஆர்டி வெளியிலிருந்து சேர்க்கக்கூடிய நூலகம். கோர்-பாத் விண்டோஸ் 8-இல் வந்த வசதி. 7-க்கு அதைத் தரும் அப்டேட்டே கிடையாது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி 3.9 முதல் இதில்தான் மாட்டும். 3.8-க்கு இறங்கினால் பிரச்சினை தீர்ந்தது. குரோம் என்றால் 109, பயர்பாக்ஸ் என்றால் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு வெர்ஷன்). எங்கள் கணக்கில் பெரும்பாலானோருக்கு இதுவே சரியான வழி, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும் என்பதைத் தெரிந்துகொண்டு.

பழைய வெர்ஷன் உதவாது, புதியதுதான் வேண்டும் என்றால் விஎக்ஸ்கெக்ஸ். இல்லாத ஏபிஐ-களை (மென்பொருள் விண்டோஸிடம் கேட்கும் வசதிகள்) அது தானே கொடுத்து நிரப்பும். நிறுவியதும் பிராப்பர்ட்டீஸில் அதன் பெயரில் ஒரு டேப் வரும். அங்கே டிக் செய்யவேண்டும். இன்ஸ்டாலருக்கு மட்டும் டிக் அடித்தால் நிறுவல் முடிந்துவிடும், மென்பொருள் திறக்காது. நிறுவிய பிறகு வரும் இஎக்ஸ்இ கோப்புக்கும், அதாவது மென்பொருளைத் திறக்கும் கோப்புக்கும், டிக் செய்யுங்கள். டிரைவர்களுக்கு இது உதவாது. இது மைக்ரோசாஃப்ட் தந்ததல்ல. பேங்க் வேலை நடக்கும் கணினியில் போட நாங்கள் சொல்லமாட்டோம்.

'வின்32 அப்ளிகேஷன் அல்ல' என்று வந்தால் இந்த மூன்றும் வேண்டாம். 32-பிட் விண்டோஸில் 64-பிட் கோப்பைத் திறந்திருப்பீர்கள், இல்லை டவுன்லோட் பாதியில் நின்றிருக்கும். கோப்பின் அளவைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.