எஸ்ஏசிடியும் சாதாரண சிடியும்: கும்பகோணத்து வீட்டில் கேட்டறிந்தவை

பல ஆண்டுகளாக ஒரே ஆம்ப்ளிஃபையரிலும் ஒரே ஸ்பீக்கர்களிலும் சாதாரண சிடிக்களையும் எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) எனப்படும் உயர்தர வட்டுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். எஸ்ஏசிடி பெரும்பாலும் நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் அந்த நயம் வட்டின் தொழில்நுட்பத்தால் வருவதன்று, மாஸ்டரிங்கில், அதாவது பதிந்த ஒலியை வட்டுக்காக இறுதியாகச் சீரமைப்பதில், எடுத்துக்கொண்ட அக்கறையால் வருவது என்பதே என் முடிவு.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, நொடிக்கு 44,100 மாதிரிகளை (ஒலியலையின் அளவீடுகளை) 16 பிட் அளவில் பதிவு செய்கிறது. இது ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையும் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தையும் தாங்கும். 1999-இல் வந்த எஸ்ஏசிடி, ஒரு பிட் முறையில் நொடிக்கு 28,22,400 மாதிரிகளை எடுக்கிறது. இளஞ்செவிக்கே 20 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. அமைதியைப் பற்றிச் சொல்வதென்றால், சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இங்கே யாரும் பாட்டுக் கேட்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டாலோ இரவு முழுவதும் தவளைச் சத்தம். சிடியின் அடித்தளத்து இரைச்சல் இவற்றுக்கெல்லாம் மிகக் கீழே கிடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க உகந்தது, சிடி அடுக்கும் எஸ்ஏசிடி அடுக்கும் சேர்ந்த ஹைப்ரிட் வட்டு. இரு அடுக்குகளின் ஒலியளவும் பல வட்டுகளில் ஒன்றாக இருப்பதில்லை. சற்றே உரத்து ஒலிப்பதைக் காது உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆர்கனின் நீண்ட ஒற்றைச் சுரம் ஒலிக்கும்போது ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு அடுக்குகளுக்கும் ஒரே வோல்ட் வரும்படி ஒலியளவைச் சரிசெய்தேன். அதன்பின் பல வட்டுகளில் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. வேறுபாடு நீடித்த வட்டுகளின் சிடி அடுக்கைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது, அலைவடிவத்தின் உச்சிகள் வரிசையாகச் சீவப்பட்டிருந்தன; உரக்க ஒலிப்பதற்காகச் செய்த அழுத்தம் அது. மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர வட்டின் ஒலியை நேராகவும் சிடி தரத்துக்கு இறக்கியும் 554 முறை கேட்கவைத்தனர். 276 முறைதான் சரியான விடை வந்தது; கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் வரும் பாதிதான் அது. அவர்களும் உயர்தர வட்டுகளின் இனிமைக்குப் பதிவிலும் மாஸ்டரிங்கிலும் காட்டப்படும் கவனத்தையே காரணமாகக் கூறினர்.

நம் பகுதியில் இதைச் சோதிக்க நாயனத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாயனத்தின் ஒலியைக் கோயில் பிராகாரத்தில் அருகே நின்று கேட்டு வளர்ந்த காது எளிதில் ஏமாறாது. மைக்கைச் சரியான தொலைவில் வைத்துப் பதிந்த ஒரு சாதாரண சிடியில், நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியின் கீறலும், தவிலின் வலந்தலையில் விரல்கூடுகள் விழும் கூர்மையும், இடப்பக்கம் கழி விழும் அதிர்வும் தனித்தனியே நிற்கின்றன. மோசமாகப் பதிந்த கச்சேரியை எந்த வட்டில் ஏற்றினாலும் அவை ஒன்றோடொன்று குழைந்தே கேட்கும்.

எஸ்ஏசிடியின் மறுக்க முடியாத பலம் பல்வழி ஒலி. அதற்கு ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் அவற்றை வைக்கும் கூடமும் வேண்டும். நீடித்த உழைப்பில் என் பிளேயர் குறை வைத்துவிட்டது: சில மழைக்காலங்களுக்குப் பிறகு எஸ்ஏசிடி அடுக்கைப் படிக்கத் தடுமாறுகிறது, சிடி அடுக்கை இன்றும் தயக்கமின்றிப் படிக்கிறது. மாற்று லேசர் பகுதி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இப்போது ஹைப்ரிட் அல்லாத எஸ்ஏசிடிக்களை நான் வாங்குவதில்லை.