வட்டப்படமா, மண் தட்டா, ஒரு தீவின் கதையா? புவி மண்டலங்களின் உறவைக் கற்பிக்கும் வழிகள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் நிலம், நீர், காற்று, உயிர் என்ற நான்குக்கும் என்ன உறவு என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புடையவை, மிஸ்" என்று உடனே பதில் வரும். பதிலில் தவறில்லை, ஆனால் விஷயமும் இல்லை. எது எங்கிருந்து எங்கே போனது, போன இடத்தில் எதை மாற்றியது, அந்த மாற்றம் திரும்பி வந்து முதலில் இருந்ததை என்ன செய்தது: இந்த மூன்றையும் பிள்ளை தன் சொல்லில் சொன்னால்தான் பாடம் புரிந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். கீழே பேசப்போகும் எல்லா வழிகளையும் இந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்.

மொரீசியஸில் 7, 8, 9 வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மழையும் நிலவடிவமும் சோஷியல் அண்ட் மாடர்ன் ஸ்டடீஸ் என்ற சமூகப் பாடத்தின் பக்கம் போய்விடுகின்றன. உயிரினங்களும் சூழலும் அறிவியல் பக்கம். மணி அடித்ததும் ஆசிரியர் மாறுகிறார், நோட்டுப் புத்தகமும் மாறுகிறது. மலையில் பெய்த மழை பவளப்பாறை வரை போகிறது என்பதை எந்தப் பாடவேளையில் சொல்வது? இதை யாராவது ஒருவர் கையில் எடுத்தால்தான் உண்டு.

நான்கு வட்டங்களும் அம்புக்குறிகளும்

மிகப் பழைய வழி இது. நிலக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று நான்கு வட்டம் போட்டு, நடுவில் இரண்டு பக்கமும் முனை உள்ள அம்புகளை வரைவது. செலவில்லை, ஒரே பாடவேளையில் முடிந்துவிடும், பெயர்கள் மனதில் நிற்கும். ஆனால் மேலே சொன்ன வெறும் பதில் பிறக்கும் இடமும் இதுதான். எல்லா வட்டத்துக்கும் நடுவில் அம்பு இருந்தால் எந்த அம்புக்கும் பொருள் இல்லாமல் போகிறது.

இன்னொரு குறையும் இருக்கிறது. இந்தப் படத்தில் பெரும்பாலும் சூரியன் இருப்பதில்லை, பூமிக்குள் இருக்கும் வெப்பமும் இருப்பதில்லை. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் ஐம்பூதங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் தீ இருக்கிறது அல்லவா? அதை இங்கே கொண்டுவரலாம். காற்றையும் நீரையும் ஓட வைப்பது சூரிய வெப்பம். இந்தத் தீவையே கடலுக்கு மேல் எழுப்பியது பூமிக்குள் இருந்த வெப்பம். இயக்குவது எது என்று சொல்லாமல் எவை எவையோடு தொடர்பு என்று மட்டும் சொல்வது பாதிப் பாடம்தான்.

மண் தட்டுச் சோதனை

இரண்டு பழைய கேக் தட்டுகள் போதும். இரண்டிலும் ஒரே இடத்து மண். ஒன்றை அப்படியே விட்டுவிட வேண்டும், மற்றொன்றில் மண்ணை மூடுகிற மாதிரி கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையைப் பரப்ப வேண்டும். மூன்றாவதாக ஒன்று கிடைத்தால் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டியை அதில் வைக்கலாம். தட்டுகளை ஒரு செங்கல் உயரத்துக்குச் சாய்த்து, மூடியில் துளை போட்ட பாட்டிலால் ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, வழிந்து வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடிக்க வேண்டும். வெறும் மண் தட்டிலிருந்து வரும் தண்ணீர் அதிகம், வேகமும் அதிகம், நிறம் செம்பழுப்பு. சோகை போட்டதிலிருந்து குறைவாக, மெதுவாக, தெளிவாக வரும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்க்க முடிகிறது. உண்மையான மலையில் அது முடியாது. இந்தச் சோதனை முடிந்த கையோடு ஒரு கேள்வி கேட்கலாம்: காவடி எடுக்க ஆற்றங்கரையில் கூடுகிறோமே, அப்போது பெரிய மழை பெய்திருந்தால் ஆறு என்ன நிறத்தில் இருக்கும்? தைப்பூசம் வருவது மழைக்காலத்தின் நடுவில். அந்தச் செந்நிறத்தைப் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. அது எந்த மேட்டு வயலிலிருந்து வந்தது, எங்கே போய்ப் படியப்போகிறது என்று யோசிக்கவைக்க அந்த டம்ளர் உதவுகிறது.

ஆனால் தட்டில் காற்று இல்லை, மலை இல்லை, ஆண்டுகள் இல்லை. எதுவும் திரும்பி வருவதும் இல்லை. மண் போனதால் செடி முளைக்கவில்லை, செடி இல்லாததால் இன்னும் மண் போனது என்ற சுழற்சியைப் பத்து நிமிடத் தட்டால் காட்ட முடியாது. மூடிய பாட்டிலுக்குள் செடி வளர்க்கும் சோதனைக்கும் இதே நிலைதான். நீர் சுழல்வதைக் காட்டும், அதோடு நின்றுவிடும்.

நடந்த ஒரு நிகழ்வைப் பிரித்துப் பார்ப்பது

அடுத்த வழி, நம் தீவில் நடந்த ஒன்றை எடுத்து, அதில் நான்கு மண்டலங்களும் எப்படிப் பிணைந்தன என்று படிப்படியாகப் பார்ப்பது. வலுவான வழி. ஆனால் எந்த நிகழ்வை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாடத்தின் தரமே மாறுகிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மூன்றை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலாவது வெள்ளம். 2013 மார்ச் 30, சனிக்கிழமை, தலைநகர் போர்ட் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 150 மி.மீ. மழை கொட்டி 11 பேர் இறந்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது பெற்றோர் சொன்ன செய்தி. அவர்களே கண்டது 2024 ஜனவரி 15, பெலால் சூறாவளி வந்த நாள். அன்று தலைநகரத் தெருக்களில் கார்கள் மிதந்தன. சங்கிலி தெளிவானது: மூன்று பக்கமும் மலை, செங்குத்தான சரிவு, குறுகிய ஓடைகள், கீழே சிமெண்டு மூடிய நகரம், எதிரே கடல். மலை எழுதிய பாதையில் நீர் வருகிறது, உறிஞ்ச மண் இல்லை. ஏழாம் வகுப்புக்கு இது பொருத்தமான தொடக்கம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். வகுப்பில் உறவினரை இழந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம், அதனால் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றது, வெள்ளம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. புவி மண்டலங்கள் என்றாலே பேரிடர்தான் என்ற எண்ணம் பிள்ளை மனதில் பதிந்துவிடக் கூடாது.

இரண்டாவது வாகாஷியோ கப்பல் விபத்து. 2020 ஜூலை 25 அன்று அந்தக் கப்பல் பொயின்ட் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கி, ஏறக்குறைய 1000 டன் கடலில் கலந்தது. கரும்புச் சோகையைத் துணியிலும் வலையிலும் அடைத்து மிதவைத் தடுப்புகள் செய்தது நம் மக்கள்தான். அதில் கைகொடுத்த குடும்பங்கள் பல. அதனால் வகுப்பில் இதைத் தொட்டவுடன் எல்லோரும் பேசுவார்கள். காற்றும் நீரோட்டமும் எண்ணெயை எந்தப் பக்கம் தள்ளின, சதுப்பு மரங்களின் வேரில் அது ஏன் தங்கியது என்றெல்லாம் போகலாம். இருந்தாலும் பாடமாக நான் இதை வெள்ளத்துக்குக் கீழேதான் வைப்பேன். பேச்சு சீக்கிரமே யார் குற்றவாளி என்பதற்குத் திரும்பிவிடுகிறது. அது நியாயமான கேள்வி, ஆனால் வேறொரு பாடவேளைக்கு உரியது. நிலத்துக்கும் இதில் பெரிய பங்கு இல்லை.

மூன்றாவதுதான் என் தேர்வு: வடக்கே கடலில் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ரவுண்ட் தீவு, க்ரியோலில் நாம் இல் ரோந்த் என்பது. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்மையான பாறையால் ஆன சிறிய தீவு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆடுகளையும் முயல்களையும் கொண்டுபோய் விட்டார்கள். அவை முளைக்கும் கன்றுகளையெல்லாம் தின்றன. வயதான மரங்கள் விழுந்தபோது அவற்றின் இடத்தைப் பிடிக்க இளமரம் இல்லை. நிழலும் வேரும் போனதும் மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போயிற்று, மென்பாறையில் ஆழமான ஓடைகள் வெட்டியது. மண் இல்லாததால் விதை விழுந்தாலும் ஊன்ற இடமில்லை. மண்ணுக்குள் துளைத்து வாழ்ந்த ஒரு பாம்பு அந்தத் தீவில்தான் மிஞ்சியிருந்தது. அதைக் கடைசியாகப் பார்த்தது 1975-இல்.

பிறகு 1979-இல் ஆடுகளையும் 1986-இல் முயல்களையும் முற்றாக அகற்றினார்கள். மொரீசியஸுக்கே உரிய பனை வகைகளும் தாழை வகையும் மெல்லத் தழைக்கத் தொடங்கின. 2007-இல் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முன்பு இந்தத் தீவுகளில் வாழ்ந்து அழிந்துபோன ஆமைகள் செய்த வேலையை, அதாவது களையை மேய்வதையும் விதையைச் சுமந்து எச்சத்தோடு போடுவதையும், இப்போது அவை செய்கின்றன. கடற்பறவைகள் மீனைத் தின்றுவிட்டு வந்து இடும் எச்சம் மண்ணுக்கு உரமாகிறது, அதாவது கடலின் சத்து நிலத்துக்கு ஏறுகிறது.

பாருங்கள், நான் முதலில் சொன்ன மூன்று கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. உயிர் நிலத்தை மாற்றியது, நீர் அந்த மாற்றத்தைப் பெரிதாக்கியது, மாறிய நிலம் திரும்பி வந்து உயிரை அழித்தது. ஒரு கண்ணியை வெட்டியதும் சுழற்சி எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கியது. தேதிகளும் இருக்கின்றன, காலத்தின் நீளத்தைப் பிள்ளை உணர்கிறது. அழிந்த பாம்பு திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். குறை ஒன்றுதான்: அனுமதி இல்லாமல் யாரும் அங்கே இறங்க முடியாது, படத்தில்தான் காட்ட முடியும். அதற்கு ஈடாக மஹேபூருக்கு எதிரே உள்ள இல் ஓ செக்ரெட்டுக்கு வழிகாட்டியோடு கூட்டிப்போகலாம். அது பவளச் சுண்ணாம்பால் ஆன வேறு வகைத் தீவு. காட்டை மீட்கும் வேலையை அங்கே நேரில் பார்க்கலாம்.

வெளியே கூட்டிப்போவது

வெளியே போவது என்றால் பலர் உடனே பஸ் வாடகையை நினைக்கிறார்கள். போர்ட் லூயியில் மெட்ரோ ஏறி கியூர்பிப்பில் இறங்குவதே ஒரு முழுப் பாடம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் ஏறுகிறோம். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. அப்படியானால் இங்கே எவ்வளவு குறைய வேண்டும் என்று பிள்ளைகள் முதலிலேயே கணக்குப் போடட்டும், பிறகு நிலையத்துக்கு நிலையம் வெப்பமானியைப் பார்த்து எழுதட்டும். ஜூன், ஜூலையில் போனால் இன்னும் நல்லது. தென்கிழக்கு வியாபாரக் காற்று பலமாக வீசும் மாதங்கள் அவை. கீழே வெயில், மேலே தூறல் என்ற வித்தியாசம் ஜன்னலிலேயே தெரியும்.

ஏன் அப்படி? கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மேட்டு நிலத்தில் ஏறிக் குளிர்கிறது, ஈரம் மழையாகிறது. மறுபக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. அதனால்தான் மேட்டுப்பகுதியில் ஆண்டுக்கு 4000 மி.மீ. வரை பெய்யும் அதே தீவில் மேற்குக் கரைக்கு 1000 மி.மீ. கூடக் கிடைப்பதில்லை. எரிமலைக் குழம்பு இந்த மேட்டைக் கட்டியது. மேடு மழையை இறக்குகிறது. மழை அந்தப் பாறையையே சிதைத்துச் செம்மண்ணாக்குகிறது. நம் பாட்டன் பூட்டன் கரும்பு நட்டது அந்த மண்ணில்தான். கியூர்பிப்பில் இறங்கியபின் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய்வரை நடந்துவிட்டால் சங்கிலியின் முதல் கண்ணியையும் பார்த்தாயிற்று.

பஸ் கிடைக்கும் பள்ளிகளுக்குத் தென்கரை. புளூ பேயில் பவளப்பாறை அலையை வெளியே நிறுத்திவிடுகிறது, உள்ளே அமைதியான நீர், வெள்ளை மணல். சுயாக்குக்கு அருகே கிரி-கிரியில் பவளத் தடுப்பு இல்லை, அலை நேராகக் கருங்கல் பாறையில் மோதுகிறது. ஒரே கடல், ஒரே தீவு. வேறுபாட்டுக்குக் காரணம் பவளம் என்ற ஒரு சிறு உயிர் கட்டிய சுவர். வெள்ளை மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டால் நுரைக்கும், ஏனென்றால் அது பவளமும் கிளிஞ்சலும் நொறுங்கிய சுண்ணாம்பு. எரிமலைப் பாறையின் கறுப்பு மணல் நுரைக்காது. (சோதனையைக் கடற்கரையிலேயே முடித்துவிடுங்கள், மணலைப் பையில் அள்ளி வர வேண்டாம்.) பெரிய ஆறுகள் கடலில் கலக்கும் இடத்துக்கு நேரே பவளப்பாறையில் இடைவெளி இருப்பதையும் வரைபடத்தில் காட்டுங்கள். நன்னீரும் சேறும் வரும் இடத்தில் பவளம் வளராது. மண் தட்டிலிருந்து வழிந்த அந்தக் கலங்கிய தண்ணீர் இங்கேதான் வந்து சேர்கிறது.

சிரமங்களும் உண்டு. அனுமதிக் கடிதம், மழை, பெற்றோரின் தயக்கம், ஒரு நாள் முழுக்கப் போவது. காலத்தின் நீளத்தையும் ஒரு நாள் பயணம் காட்டாது. அதற்கு ரவுண்ட் தீவின் கதை வேண்டும். வீடியோவும் செயற்கைக்கோள் காற்று வரைபடமும் இவற்றுக்குத் துணை, பதிலாகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே என் பரிந்துரை. வட்டப்படம் முதலில் வரக் கூடாது, கடைசியில் வர வேண்டும். அதையும் பிள்ளைகளே வரைய வேண்டும், ஒவ்வொரு அம்பின் மேலும் எது நகர்ந்தது, என்ன மாறியது என்று எழுதாமல் அம்பு போட அனுமதிக்கக் கூடாது.

ஏழாம் வகுப்பில் முதல் பருவம் சூறாவளிக் காலம், மண் தட்டும் வெள்ளமும் அதற்குப் போதும். எட்டில் குளிர்மாதத்தில் மெட்ரோ பயணம், முடிந்தால் கடற்கரை. ஒன்பதில் ரவுண்ட் தீவு. ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் என்.சி.இ. தேசியத் தேர்வு ஆண்டில் கதைக்கெல்லாம் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பது புரிகிறது, டியூஷன் நேரமே போதவில்லை என்பார்கள். ஆனால் விளக்குக என்று வரும் கேள்விக்கு நான்கு பெயர்களை மட்டும் தெரிந்த பிள்ளை ஒரு வரி எழுதும். ஆடு, கன்று, வேர், மண், மழை என்று சங்கிலியைப் பிடித்த பிள்ளை ஒரு பத்தி எழுதும். பாடத்திட்டத்தில் உள்ள வேறு எந்த இடத்துக்கும் அதே சங்கிலியைப் பொருத்திப் பார்க்கவும் அதற்குத் தெரியும்.

இதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இரண்டு பாடவேளை கிடைக்கும் என்றால், ரவுண்ட் தீவை எடுங்கள். முதல் வேளையில் கதையை 1979 வரை சொல்லி நிறுத்திவிட்டு, ஆடும் முயலும் போனால் அடுத்து என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வேளையில் நடந்ததைச் சொல்லி, அவர்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.