ஸ்ட்ராஃப்ளவருக்குத் தொட்டி மாற்றுவது: சிட்னி பால்கனியில் சில வருட அனுபவம்

மேற்கு சிட்னியில் வடக்கு பார்த்த பால்கனி எங்களுடையது. தெற்கு அரைக்கோளத்தில் வடக்குப் பக்கத்துக்குத்தான் வெயில் அதிகம் என்பதால், வெயில் விரும்பும் ஸ்ட்ராஃப்ளவருக்கு இது தோதான இடம். இங்கே இதைப் பேப்பர் டெய்சி என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடி. பெரும்பாலான மாநிலங்களில் காட்டுச் செடியாகவே வளர்கிறது. டார்கன் ஹில் மோனார்க், டைமண்ட் ஹெட் என்ற இரண்டு ரகங்களையும் தொட்டியில் வைத்திருக்கிறேன். பெயர் தெரியாத பிங்க் ஒன்றும், விதையில் வந்த உயரமான சிலவும் உண்டு. வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: நர்சரி அட்டையில் ஜெரோக்ரைசம், பிராக்டியாந்தா, ஹெலிக்ரைசம் என்று எது எழுதியிருந்தாலும் செடி இதுவாகவே இருக்கலாம். பெயர் மாறி மாறி வந்ததில் பழைய அட்டைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

இந்தச் செடியின் நலத்தைப் பூவை வைத்துக் கணிக்கக் கூடாது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இதழ் போலத் தெரிபவை உண்மையில் இதழ்கள் அல்ல, காகிதம் மாதிரி மொடமொடவென்று இருக்கும் செதில்கள். நடுவில் தெரியும் மஞ்சள் வட்டம்தான் நிஜப் பூக்களின் கூட்டம். பூ விரிந்து நிற்கும்போது அந்தச் செதில்களில் உயிர் கிடையாது. காற்றில் ஈரம் ஏறினால் குவியும், காய்ந்தால் விரியும், அவ்வளவுதான். பறித்து அலமாரியில் வைத்த காய்ந்த பூவும் இதையேதான் செய்கிறது. அதனால் தொட்டி மாற்றிய மறுநாள் மழை வந்து பூவெல்லாம் மூடிக்கொண்டால் பதற வேண்டாம். அதே சமயம், பூ பளிச்சென்று இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. வேர் அழுகிச் செடி செத்த பிறகும் பூ வாரக்கணக்கில் புதிதாகவே தெரியும். பார்க்க வேண்டியது தண்டின் நுனியில் இருக்கும் இளம் இலைகளை.

தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதைத் தண்ணீர் ஊற்றும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். காலையில் தண்ணீர் குடித்த செடி மதியமே நுனி தொங்கும், சாயங்காலம் நிமிரும். அடி இலைகள் பழுப்பாகும், புதிதாக வரும் பூக்கள் சின்னதாகிக்கொண்டே போகும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் வடிகால் துளையைப் பாருங்கள். வேர் எட்டிப் பார்த்தால் மாற்றலாம். தண்ணீர் ஓரமாக வழிவதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இங்கே விற்கும் பாட்டிங் மிக்ஸ், அதாவது தொட்டிக்கான மண் கலவை, பெரும்பாலும் மக்கிய மரப்பட்டை. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை உள்ளே விடாது. ஒரு வாளியில் தொட்டியோடு அரை மணி நேரம் முக்கி வைத்துப் பாருங்கள். அதோடு பிரச்சினை தீர்ந்தால் வேருக்கு இடம் போதவில்லை என்று அர்த்தமில்லை.

பருவம் என்றால் எனக்கு செப்டம்பர்தான். குளிர் விட்டிருக்கும், நாற்பது டிகிரி வெயில் இன்னும் தொடங்கியிருக்காது. மார்ச் கடைசி, ஏப்ரலும் பரவாயில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தொடவே மாட்டேன். கடையில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து நாம் வாங்கி வருவது அந்த மாதங்களில்தான் என்பது வேறு விஷயம். அப்படி வாங்கினால் அதே தொட்டியோடு காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, வாடாமல் தண்ணீர் காட்டி, வெயில் தணிந்த பிறகு மாற்றுவது நல்லது. விதையில் வந்த கன்றுகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. வேர் அடியைத் தொட்டதும், மொட்டு வைக்கும் முன்பே பெரிய தொட்டிக்குப் போய்விட வேண்டும். சின்னத் தொட்டியில் நெருக்கப்பட்ட கன்று குட்டையாகவே நின்று பூத்து, சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

வளர்ந்த செடியைப் பொறுத்தவரை வெட்டுவதையும் தொட்டி மாற்றுவதையும் ஒரே நாளில் செய்வதில்லை. ஆகஸ்ட் கடைசியில் பழைய பூத்தண்டுகளை வெட்டிவிடுவேன். அடியில் சின்னச் சின்னப் பச்சைத் துளிர் இருக்கும், அதற்குச் சற்று மேலே வெட்டினால் போதும். இலையே இல்லாத கட்டை வரைக்கும் போனால் துளிர்ப்பது சந்தேகம். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் நீளத் தொடங்கியதும் தொட்டி மாற்றுகிறேன். இலை குறைவாக இருப்பதால் தண்ணீர் இழப்பும் குறைவு, வளர்ச்சி தொடங்கிவிட்டதால் வேரும் புது மண்ணைச் சீக்கிரம் பிடிக்கிறது. நான் செய்து பார்த்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

தொட்டிகளில் மண் தொட்டிக்கு முதலிடம். இந்த வேர் நார் நாராக மேலாகப் படர்வது, ஆழம் தேடாது. அதனால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். கடையில் வரும் 14 சென்டிமீட்டர் தொட்டியிலிருந்து 20க்கு, அங்கிருந்து 30க்கு என்று ஒரு படிதான் ஏற்ற வேண்டும். எடுத்தவுடன் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும். 2022இல், சிட்னியில் பதிவான வருடங்களிலேயே அதிக மழை பெய்த அந்த வருடத்தில், இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. மண் தொட்டியில் இருந்தவை ஏதோ தாக்குப் பிடித்தன, பிளாஸ்டிக்கில் இருந்தவை அடி கறுத்து ஒவ்வொன்றாகப் போயின. அதற்குப் பிறகு எல்லாத் தொட்டிக்கும் அடியில் முட்டுக் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வைத்திருக்கிறேன். அடியில் தண்ணீர் சேமித்துத் தானே நனையும் வகைத் தொட்டி இதற்கு வேண்டவே வேண்டாம். துளசிக்கும் புதினாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் கோடையில் சூடேறி வேரை வேகவைக்கும். வேறு தொட்டி இல்லையென்றால் இன்னொரு தொட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

மண் கலவைக்கு, பையின் மேல் சிவப்பு டிக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். ஏஎஸ் 3743 என்ற ஆஸ்திரேலியத் தரத்தில் சிவப்பு டிக் உயர்ரகம், கறுப்பு டிக் சாதாரணம். விலை வித்தியாசம் உண்டு, ஆனால் மலிவானது ஒரே வருடத்தில் மக்கிச் சுருங்கி இறங்கிவிடுகிறது. சிவப்பு டிக் கலவையில் நான்கில் ஒரு பங்கு பெர்லைட் (எடையில்லாத வெள்ளை எரிமலைக் குருணை) கலந்தால் வடிகால் சரியாக இருக்கும். உள்ளூர்ச் செடி என்பதால் உரத்தில் உள்ள பாஸ்பரஸ் பட்டாலே செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பிரச்சினை பேங்க்ஸியா, கிரெவில்லியா போன்ற வேறு குடும்பத்து உள்ளூர்ச் செடிகளுக்குத்தான் கடுமையானது, இது டெய்சி குடும்பம். இருந்தாலும் உள்ளூர்ச் செடிகளுக்கான மெதுவாகக் கரையும் உரத்தைத்தான் போடுகிறேன். சாதாரண உரம் அள்ளிப் போட்டால் இலையும் தண்டும் கொழுத்து, பூ குறைந்து, செடி சாய்ந்துவிடுகிறது.

இன்னொன்று, இதை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டிங் மிக்ஸில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிரி இருக்கலாம், தூசியோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். இங்கே பையிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். முகத்தைத் தள்ளி வைத்துப் பையை வெட்டி, உடனே தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மூடிய பால்கனி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

மாற்றுகிற வேலை பத்து நிமிடம்தான். முந்தின நாளே நன்றாகத் தண்ணீர் விட்டுவிட வேண்டும், காய்ந்த வேர்க்கட்டி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சாயங்காலம் வெயில் இறங்கியதும், தண்டைப் பிடித்து இழுக்காமல் தொட்டியைச் சாய்த்துத் தட்டி எடுங்கள். அடியில் வட்டமாகச் சுற்றிய வேரை மட்டும் கத்தியால் வெட்டி, பக்கங்களை விரலால் லேசாகக் கலைத்தால் போதும். பழைய மண்ணை முழுக்க உதறுவது, வேரைத் தண்ணீரில் அலசுவது எல்லாம் இந்தச் செடிக்கு ஆகாது. முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வைக்க வேண்டும். உயரமான ரகம் ஆடுகிறதே என்று தண்டை மண்ணில் புதைத்தால் கழுத்து அழுகும். ஆடினால் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். மண்ணை அமுக்காமல், விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு, அடியில் ஒழுகும் வரை தண்ணீர் ஊற்றினால் மண் தானாகவே இறங்கிக்கொள்ளும்.

அப்புறம் நான்கைந்து நாள் வெளிச்சமான நிழல், பிறகு முழு வெயில். நிழலிலேயே விட்டுவிட்டால் தண்டு நீண்டு மெலிந்துவிடும். மேல் மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர், அதுவும் இலை நனையாமல். பிப்ரவரிப் புழுக்கத்தில் இலையில் பூஞ்சை வருவது இந்தச் செடியின் பெரிய பலவீனம். உரம் போட ஒரு மாதம் பொறுக்கலாம். நுனியில் புது இலை வந்தால் வேர் பிடித்துவிட்டது. கடையில் கச்சிதமாக உருண்டையாக இருந்த செடி தொட்டி மாற்றிய பிறகு ஒழுங்கில்லாமல் நீள்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நர்சரிகளில் பூச்செடி குட்டையாக நிற்க வளர்ச்சியை அடக்கும் மருந்து தருவது வழக்கம்தான். அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்கு வரும். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைக்கும்.

சரி, ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டுமா? என் தீர்ப்பு, வேண்டாம். இது பல்லாண்டுச் செடி என்று விற்கப்பட்டாலும் தொட்டியில் நன்றாகப் பூப்பது இரண்டு, மூன்று வருடம்தான். வாங்கிய பிறகு வரும் முதல் மாற்றம் அவசியம், அது செடியின் போக்கையே தீர்மானிக்கிறது. இரண்டாவது மாற்றம் டார்கன் ஹில் மோனார்க் மாதிரி நன்றாகப் படரும் ரகத்துக்குப் பிரயோஜனப்படுகிறது. டைமண்ட் ஹெட் தரையோடு தவழ்கிற சின்னச் செடி, அதற்கு மேல் மண்ணை மட்டும் சுரண்டிப் புதுசு போட்டாலே போதும். அடி கட்டையாகிப் போன செடியை மூன்றாவது தொட்டிக்குக் கொண்டுபோவது வீண் வேலை. அதற்குப் பதில் ஆகஸ்ட் கடைசியில் வெட்டிய பிறகு செப்டம்பரில் வரும் புதுத் துளிரில், மொட்டு வைக்கும் முன்பே விரல் நீளத்துக்குக் கட்டிங் எடுத்து, அடி இலைகளைக் கிள்ளி, ஆற்று மணலும் பெர்லைட்டும் கலந்த சின்னத் தொட்டியில் குத்தி வையுங்கள். ஒரு மாதத்தில் வேர் விடும். விதையில் வளர்த்தால் தாய்ச்செடியின் நிறம் வரும் என்று உறுதியில்லை, கட்டிங்கில் அந்தக் கவலை இல்லை.

தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்ப்பவர்களுக்கு இந்த மாதக் கணக்கெல்லாம் பொருந்தாது. அங்கே இது குளிர்காலத்து ஒரு பருவச் செடி. மழை ஓய்ந்ததும் கன்றைச் சின்னத் தொட்டியிலிருந்து அகலமான மண் தொட்டிக்கு ஒரே ஒரு முறை மாற்றினால் போதும். ஏப்ரல் வெயிலில் காய்ந்தால் காப்பாற்ற மெனக்கெடாமல், அதற்கு முன்பே பாதி விரிந்த பூக்களைப் பறித்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துவிடுங்கள்.