ரிகோ ஜிஆர் 3-ஆ, சோனி ஆர்எக்ஸ்100 எம்7-ஆ: தூசியை வைத்து எடுத்த முடிவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பைக்குள் அடங்கும் இந்த இரண்டு சின்னக் கேமராக்களில் நான் வாங்கியது ரிகோ ஜிஆர் 3. வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. சோனி ஆர்எக்ஸ்100 எம்7 என் கையில் இருந்தது மொத்தமே பத்து நாள்தான், அதுவும் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. ஆகவே இது நடுநிலைத் தீர்ப்பு கிடையாது. எதை எடுப்பது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவன் எந்த வழியாக முடிவுக்கு வந்தான் என்ற கதை, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டும் 2019-இல் வந்தவை. சோனியில் பழைய ஃபிலிம் கேமரா கணக்குப்படி 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் (எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்), பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளினால் எழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர், மடக்கித் திருப்பும் திரை, குட்டி ஃப்ளாஷ், 4கே வீடியோ, வெளி மைக் சொருக ஒரு துளை. ரிகோவில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. 28 மி.மீ. பார்வை கொண்ட ஒரே லென்ஸ், அசையாத ஒரு திரை. வசதிப் பட்டியலை வைத்துக் கேமரா வாங்குகிறவர் ரிகோ பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார், அதில் தப்பும் இல்லை.

ரிகோவின் பலம் சென்சார், அதாவது லென்ஸ் வழியாக வரும் ஒளி விழுந்து படமாகும் சில்லு. ஏபிஎஸ்-சி என்ற அளவைச் சேர்ந்த அதன் சென்சார் 23.5 × 15.6 மி.மீ., சோனியின் 'ஒரு அங்குல' சென்சார் 13.2 × 8.8 மி.மீ. (ஒரு அங்குலம் என்பது பெயரளவில்தான், குறுக்கே அளந்தாலும் ஒரு அங்குலம் வராது.) பரப்பில் மூன்று மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். வெளிச்சம் நன்றாக இருக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம், நான் கலந்து வைத்துப் பார்த்து இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். ஒற்றை விளக்கு எரியும் அறையில், ஜன்னலோரம் அரை முகம் இருட்டில் இருக்கும் படத்தில், நிழல் பகுதியைக் கணினியில் ஏற்றிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அப்புறம் பை. ரிகோ 33 மி.மீ. தடிமன், பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். சோனி 43 மி.மீ., 302 கிராம். காகிதத்தில் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். சோனியை பேண்ட் பையில் போட்டு உட்கார்ந்தபோது தொடையில் ஒரு சோப்புக் கட்டி அழுத்துகிற மாதிரி இருந்தது, மூன்றாம் நாளே அது தோள் பைக்குப் போய்விட்டது. தோள் பைக்குப் போன கேமராவை நான் எடுக்க மாட்டேன், இது கேமராவின் குறை அல்ல, என் சோம்பல்.

இவை எல்லாம் இருந்தும் கடைசியில் என்னை ஒரு பக்கம் தள்ளியது வேறு ஒன்று. தூசி.

இதற்கு முன் என்னிடம் ஜூம் வைத்த ஒரு காம்பாக்ட் (லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கேமரா) இருந்தது, பெயர் வேண்டாம். ஒரு நாள் வானத்தின் இடது மேல் மூலையில் சின்னதாக ஒரு சாம்பல் புள்ளி. பறவை என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே பறவை. நாற்பது படம் தள்ளியும் அது நகரவில்லை. லென்ஸைத் துடைத்தேன், ஊதினேன், உள்ளங்கையில் மெல்லத் தட்டிப் பார்த்தேன், ம்ஹூம். சர்வீஸில் கொடுத்தபோது, சுத்தம் செய்வதெல்லாம் கிடையாது, லென்ஸும் சென்சாரும் சேர்ந்த பாகத்தை மொத்தமாக மாற்றினால்தான் உண்டு என்று சொல்லி ஒரு தொகை சொன்னார்கள். அந்தக் கேமராவை இன்னொன்றாக வாங்கிவிடலாம் போல இருந்தது. புள்ளியோடே ஒரு வருடம் ஓட்டினேன், பிறகு விற்கப் போனபோது வாங்க வந்தவர் செய்த முதல் காரியம் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தது. பேரம் அங்கேயே முடிந்தது.

லென்ஸ் கழற்றும் கேமராவில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கழற்றி, முகத்தைக் கீழே பார்க்கவைத்து, ரப்பர் பல்பால் நாலு தடவை ஊதினால் பெரும்பாலும் போய்விடும். காம்பாக்டில் சென்சார் உள்ளே சிறை. அதனால் காம்பாக்ட் வாங்கும்போது, இதில் தூசி போனால் என்ன செய்வேன் என்ற கேள்வியை நான் படத்தின் தரத்துக்கு மேலேயே வைத்தேன்.

உள்ளே எப்படிப் போகிறது? லென்ஸ் குழாய் வெளியே நீளும்போது உள்ளே இருக்கும் இடம் பெரிதாகிறது, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று குழாய் அடுக்குகளின் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. சைக்கிள் பம்ப் கைப்பிடியைத் தூக்குகிற மாதிரிதான். காற்றோடு பையில் இருக்கும் துணிப் பிசிறும் போகிறது. 200 மி.மீ. வரை நீளும் ஜூம் அடுக்கடுக்காக வெளியே வருகிறது, ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் பம்ப் அடிக்கிறோம். ரிகோவின் குழாயும் ஆன் செய்தால் வெளியே வரத்தான் செய்கிறது, ஆனால் நீளம் குறைவு, வந்தபின் அங்கேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு முரண் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தூசி ஏறும் கேமரா என்ற கெட்ட பெயர் சோனியைவிட ரிகோ ஜிஆர் வரிசைக்குத்தான் அதிகம். மழைக்கும் தூசிக்கும் எதிரான அடைப்பு இரண்டிலுமே கிடையாது. அப்படியிருக்க தூசிக்குப் பயந்தவன் ஏன் ரிகோவை வாங்கினான் என்று நண்பரும் கேட்டார்.

முதல் காரணம், ஜிஆர் 3-இல் சென்சாரை மீயொலி அதிர்வால் உதறிவிடும் வசதி இருக்கிறது. முந்தைய ஜிஆர் 2-இல் அது கிடையாது, கெட்ட பெயரில் பெரும் பங்கு அந்தப் பழைய கேமராக்கள் சம்பாதித்தது என்பது என் ஊகம். மெனுவில் போய் ஆன் செய்யும்போதெல்லாம் உதறு என்று வைத்துவிட்டேன். ஒட்டுகிற பிசுக்கை அது எடுக்காது, காய்ந்த தூசியை எடுக்கும்.

இரண்டாவது கொஞ்சம் கணக்கு. தூசி உட்காருவது சென்சாரின் மேல் அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடியின் மேல். நடுவில் இருக்கும் இடைவெளியை எஃப் எண்ணால் (லென்ஸின் திறப்பான அபர்ச்சரைக் குறிக்கும் எண், எண் ஏறினால் திறப்பு சின்னதாகும்) வகுத்தால் நிழல் எவ்வளவு அகலத்துக்குக் கலைந்து பரவும் என்று வரும். இடைவெளி ஒரு மி.மீ. என்று வைத்துக்கொண்டால், எஃப்/2.8-இல் நிழல் 0.36 மி.மீ. அகலத்துக்குக் கரைந்து காணாமலே போகும், எஃப்/16-இல் 0.06 மி.மீ.க்குள் சுருங்கிக் கறுப்பாக நிற்கும். அதனால்தான் அபர்ச்சரைச் சின்னதாக்கி வானத்தை எடுக்கும்போது மட்டும் பறவை பறக்கிறது. ரிகோவைத் தெருவில் பயன்படுத்துகிறவர்கள் எஃப்/8, எஃப்/11 என்று வைத்தே சுற்றுவார்கள், அவர்கள் கண்ணில் தூசி படாமல் என்ன செய்யும்? ஒரே எஃப் எண்ணில், ஒரே அளவு நிழல் சோனியின் சின்ன சென்சாரில் விழுந்தால் படத்தின் அகலத்தில் அது 1.8 மடங்கு பெரிதாகத் தெரியும். இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. சின்ன சென்சாரில் எல்லாம் கூர்மையாக வர எஃப்/8 தேவையில்லை, எஃப்/4.5 போதும், அங்கே நிழல் மங்கிவிடும். ஆகவே இந்தக் கணக்கில் ரிகோ ஜெயித்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூமை முழுதாக நீட்டினால் சோனி தானாகவே எஃப்/4.5-இல் தொடங்குகிறது, வெயிலில் இன்னும் இரண்டு படி ஏறினால் எஃப்/9, அங்கே புள்ளி தெரிய ஆரம்பிக்கும்.

மூன்றாவது காரணம் வெறும் மனசு. தூசி போனால் போகட்டும், அதற்குள் எனக்குப் பிடித்த படம் சில நூறாவது வந்துவிட வேண்டும் என்று தோன்றியது, அதை ரிகோ தரும் என்று நம்பினேன்.

அதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை. கேமராவுக்கு ஒரு மெல்லிய பை உண்டு, அதை வாரம் ஒருமுறை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உதறுகிறேன். தையல் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் உருண்டு கிடக்கும் பஞ்சைப் பார்த்தால் உங்களுக்கும் பயம் வரும். வெறும் பேண்ட் பையில் போடுவது கிடையாது. லென்ஸ் உள்ளே போய், முன்னால் இருக்கும் தகடுகள் மூடியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவேன். குழாய் இடுக்கில் தூசி தெரிந்தால் மெல்லிய பிரஷ்தான், டப்பாக் காற்றை அந்த இடுக்கில் அடிக்கவே கூடாது, வெளியே இருப்பதை உள்ளே தள்ளிவிடும். வாக்குவம் கிளீனரை லென்ஸில் வைத்து உறிஞ்சச் சொல்லும் வைத்தியமும் உலவுகிறது, எனக்குத் தைரியம் வரவில்லை. இதுவரை என் படங்களில் புள்ளி இல்லை. இரண்டு வருடம் என்பது பெரிய சோதனை இல்லை என்பதும் தெரியும்.

பழையதாக வாங்குகிறவர்கள், எந்தக் கேமராவாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். அபர்ச்சரை இருக்கும் சிறிய அளவுக்குக் கொண்டுபோங்கள், ரிகோவில் எஃப்/16, சோனியில் எஃப்/11. வெள்ளைச் சுவரையோ மேகம் இல்லாத வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். கை ஆடினால் பரவாயில்லை, சுவரின் கறை கலையும், தூசி நிற்கும். சோனி என்றால் ஜூமின் இரண்டு முனையிலும் எடுங்கள். பிறகு பெரிதாக்கி மூலை மூலையாக மேயுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முன் கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் ஒன்றிரண்டு தூசி படத்தில் வராது.

சரி, ரிகோவோடு வாழ்வது எப்படி? ஆன் செய்து 0.8 விநாடியில் தயார் என்கிறார்கள், கையில் அப்படித்தான் இருக்கிறது. நான் காதலித்தது ஸ்னாப் ஃபோகஸை. தூரத்தை 2 மீட்டர் என்று முன்பே வைத்துவிட்டு, அபர்ச்சர் எஃப்/8 என்றால், சுமார் ஒரு மீட்டரில் தொடங்கி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மையாக வரும். பட்டனைப் பாதி அழுத்தி, கேமரா தேடி, பச்சைக் கட்டம் வந்து என்ற சடங்கே இல்லை, ஒரே அழுத்து. அக்கா மகள் தும்மும் அந்த விநாடி என்னிடம் இருப்பது இதனால்தான். அதே கேமராவை மங்கிய வெளிச்சத்தில் ஆட்டோஃபோகஸில் விட்டால் முன்னும் பின்னும் அலைந்து பொறுமையைச் சோதிக்கும். பேட்டரி சுமார் 200 படம் என்கிறார்கள், சோனி 260. இரண்டுமே போதாது, உபரி பேட்டரியை விலையோடு சேர்த்தே யோசியுங்கள். கார்டை வீட்டில் விட்டுவிட்டுப் போன இரண்டு தடவையும் ரிகோவின் உள்ளே இருக்கும் 2 ஜிபி காப்பாற்றியது, இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

சோனியிடம் நான் தோற்ற இடமும் உண்டு. ஓடும் குழந்தையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொடரும் அந்த ஆட்டோஃபோகஸ், விநாடிக்கு 20 படம். பத்து நாளில் நாய் ஓடுவதை எடுத்த எழுபது படத்தில் ஐந்தாறில்தான் ஃபோகஸ் தவறியது. ரிகோவில் அதை முயற்சி செய்யவே மாட்டேன். வீடியோ எடுக்கிறவர்கள் இரண்டாவது யோசனையே இல்லாமல் சோனிக்குப் போங்கள், ரிகோவில் வீடியோ என்பது இருக்கிறது என்று சொல்ல மட்டும். சோனியின் ஜூம் நாலைந்து வருடத்தில் எப்படி இருக்கும் என்பதை அதை வைத்திருக்கிறவர்தான் சொல்ல வேண்டும், நண்பருடையது மூன்று வருடமாக நன்றாகத்தான் ஓடுகிறது.

28 மி.மீ. அகலமாகப் படுகிறவர்களுக்கு 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் இருக்கிறது, 40 மி.மீ. பார்வை. 2025-இல் ஜிஆர் 4-உம் வந்துவிட்டது. மாற்றும் எண்ணம் எனக்கு இப்போதைக்கு இல்லை.

அடுத்த மாதம் அக்கா மகள் மேடையில் ஆடுகிறாள், எனக்குக் கிடைத்திருப்பது பதினாறாவது வரிசை. நண்பரிடம் சோனியை இப்போதே சொல்லிவைத்துவிட்டேன், பையை உதறிவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றிருக்கிறார்.